பிள்ளை பெற்ற தாயின் மனம் வாடுவது ஏன்?

பிள்ளை பிறந்த வீடு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்றே எல்லோரும் எதிர்பார்க்கிறோம். அடுத்த காம்பராக்காரர் வந்து பிள்ளையின் முகம் யாரைப் போல என்று பேசுவார்கள். பாட்டி வெந்நீர் வைப்பாள். ஆனால் சில வீடுகளில் தாய் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். பிள்ளை அழுதாலும் எழும்ப மனம் வராது. எழும்பினாலும் முகத்தில் உயிர் இராது. என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள், அல்லது காரணம் சொல்லத் தெரியாமல் அழுவாள்.

இதற்கு எமது லயங்களில் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்பார் ஒருவர். "வேலைக்குப் போகாம இருக்கப் பார்க்கிறா" என்பார் இன்னொருவர். "பெத்த பிள்ளை மேல பாசமில்லாதவ" என்ற சொல்லே எல்லாவற்றிலும் கொடியது. ஏனெனில் அந்தச் சொல்லை அந்தத் தாயும் நம்பிவிடுகிறாள்.

இவை எதுவும் உண்மையல்ல. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின் பின்னும் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு உடம்பினுள்ளேயே காரணங்கள் உண்டு. அதைக் குணமாக்கவும் முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளர்முக நாடுகளில் கர்ப்பிணிகளில் 100க்கு ஏறக்குறைய 16 பேருக்கும், பிள்ளை பெற்ற தாய்மாரில் 100க்கு ஏறக்குறைய 20 பேருக்கும் மனநலக் குறைபாடு ஏற்படுகிறது. அதில் பெரும்பகுதி மனச்சோர்வே. 20 காம்பராக்கள் உள்ள ஒரு லயத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார் ஐந்து பேர் இருந்தால், அவர்களில் ஒருத்தி இந்த நோயுடன் இருக்கக்கூடும்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் குடும்பங்களில் அநேகர் ஒரு முறையாவது இடம்பெயர்ந்தவர்கள். 1977, 1983 வன்செயல்களின் பின் மலையை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள் உண்டு. போரினால் அங்கிருந்தும் எழும்பியவர்கள் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களை வீடிழக்கச் செய்தது. இப்படிப்பட்ட வாழ்வுக்கும் கர்ப்பிணியின் உடம்பில் நடக்கும் மாற்றங்களுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால், இதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

மூன்று நிலைமைகள்

முதலில், ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாத மூன்று நிலைமைகளைப் பிரித்தறிவோம்.

முதலாவது, பிரசவத்தின் பின் வரும் சாதாரண மனக்கலக்கம். பிள்ளை பிறந்து இரண்டு மூன்று நாட்களில் தாய்க்குக் காரணமின்றி அழுகை வரும், எரிச்சல் வரும், சிறு சொல்லும் தைக்கும். தாய்மாரில் பாதிப் பேருக்கு மேல் இது வருவதுண்டு. நல்ல ஓய்வும் ஆறுதலும் கிடைத்தால் இரண்டு வாரங்களுக்குள் தானாகவே நீங்கும். இதற்கு மருந்து தேவையில்லை.

இரண்டாவது, மனச்சோர்வு நோய். இது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும். பிரசவத்தின் பின் மட்டுமல்ல, கர்ப்பமாக இருக்கும்போதே தொடங்குவதும் உண்டு. எதிலும் விருப்பமில்லாமை, பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, சாப்பாட்டில் வெறுப்பு, தீராத அசதி, "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம், பிள்ளைக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்ற ஓயாத பயம் ஆகியன இதன் அடையாளங்கள். எமது பெண்கள் "மனம் சரியில்லை" என்று வந்து சொல்வது குறைவு. "மேலெல்லாம் வலி", "தலையிடி", "நெஞ்சு படபடக்கிறது" என்றே டிஸ்பென்சரியில் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் வலி மாத்திரையோடு அவர்களைத் திருப்பி அனுப்பினால் உண்மையான நோய் மறைந்தே இருக்கும்.

மூன்றாவது, பிரசவத்தின் பின் வரும் கடுமையான மனநோய். இது அரிது. 1000 பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில்தான் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் திடீரெனத் தொடங்கும். தாய் இரவு பகல் தூங்காமல் இருப்பாள், தொடர்பில்லாமல் பேசுவாள், இல்லாத குரல்களைக் கேட்பாள், யாரோ பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்றுகூடச் சொல்வாள். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து உள்ள நிலை இது. பேயோட்டுவதற்கு நாள் பார்க்கும் நேரமல்ல. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நஞ்சுக்கொடி செய்யும் வேலை

தாயின் மனம் பிள்ளைப்பேற்றோடு மாறுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். 1858இல் பாரிஸ் நகரில் லூயி விக்டர் மார்சே என்ற மருத்துவர் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். கருப்பைக்கும் மூளைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அவர் எண்ணினார். அந்தத் தொடர்பு எது என்று காட்ட அவர் காலத்தில் வழியில்லை. ஓமோன்கள் என்பவை அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை.

ஓமோன் என்பது உடம்பின் ஒரு பகுதியில் உண்டாகி, இரத்தத்தோடு கலந்து, வேறொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி பிள்ளைக்கு உணவூட்டுவதோடு நிற்பதில்லை. அது ஒரு பெரிய ஓமோன் தொழிற்சாலையாகவும் வேலை செய்கிறது. ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்தரோன் என்னும் இரண்டு பெண்மை ஓமோன்களும் மாதக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கடைசி மாதங்களில் புரொஜெஸ்தரோன் வழமையான உச்ச அளவைவிடப் பத்து மடங்கு வரையும், ஈஸ்ட்ரஜன் ஐம்பது மடங்கு வரையும் உயர்ந்துவிடும்.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்தவுடன் அந்தத் தொழிற்சாலை மூடப்படுகிறது. ஒன்பது மாதம் ஏறியது சில நாட்களில் இறங்கிவிடுகிறது. பெண்ணின் வாழ்நாளில் இவ்வளவு பெரிய இறக்கம் இவ்வளவு விரைவாக வேறெப்போதும் நடப்பதில்லை.

இது மூளையை எப்படித் தாக்குகிறது? புரொஜெஸ்தரோனிலிருந்து அலோபிரெக்னனோலோன் என்ற இன்னொரு பொருள் உடம்பில் உண்டாகிறது. மூளையில் பரபரப்பை அடக்கி அமைதி தரும் 'காபா' என்ற பொருளுக்கு இது துணை நிற்கிறது. பிரசவத்தின் பின் இதுவும் சட்டென்று குறைகிறது. மூளை புதிய நிலைமைக்குப் பழகிக்கொள்ளச் சிறிது காலம் எடுக்கும். பழகமுடியாமல் தடுமாறும் மூளையில் பதற்றமும் தூக்கமின்மையும் சோர்வும் தலைதூக்குகின்றன. இந்த அறிவை வைத்தே அமெரிக்காவில் 2019இல் ஊசிவழி ஏற்றும் ஒரு மருந்தும், 2023இல் சுரனோலோன் என்ற மாத்திரையும் பிரசவத்தின் பின்னான மனச்சோர்வுக்கென்றே அனுமதிக்கப்பட்டன. அவற்றின் விலை ஏழைத் தாய்க்கு எட்டாதது. ஆனால் இந்நோயின் வேர் உடம்பிலும் உண்டு என்பதற்கு அவை நல்ல சான்று.

எல்லோருக்கும் ஏன் வருவதில்லை?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நஞ்சுக்கொடி எல்லோருக்கும்தான் விழுகிறது. அப்படியானால் எல்லாத் தாய்மாரும் ஏன் நோயாளியாவதில்லை?

அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இதற்கு விடை தந்தது. முன்பு பிரசவத்தின் பின் மனச்சோர்வு வந்த எட்டுப் பெண்களையும், அது வராத எட்டுப் பெண்களையும் தெரிந்தெடுத்தனர். இவர்கள் யாரும் அப்போது கர்ப்பிணிகளல்லர். எல்லோருக்கும் ஒரே அளவில் ஓமோன்களை ஏற்றிக் கொடுத்துப் பின் திடீரென நிறுத்தினர். முன்பு நோய் வந்த எட்டுப் பேரில் ஐவருக்கு மனநிலை பாதிக்கப்பட்டது. மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்கும் அப்படி நடக்கவில்லை. எல்லோருக்கும் இறக்கம் ஒன்றுதான், அதைத் தாங்கும் மூளையின் தன்மை வேறு என்பது இதனால் தெரிந்தது.

அந்தத் தன்மையில் ஒரு பங்கு பரம்பரையாகவும் வருகிறது. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இது வந்திருந்தால், அல்லது முதற் பிரசவத்தில் வந்திருந்தால், அடுத்த பிரசவத்தில் கூடுதல் கவனம் வேண்டும். "பரம்பரை" என்ற சொல்லைக் கேட்டதும் சம்பந்தம் பேசும் இடத்தில் ஒரு பெண்ணை ஒதுக்கிவைக்க நாம் ஆயத்தமாகிவிடக் கூடாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் கூடக் குடும்பத்தில் வருபவைதான். முன்கூட்டியே தெரிந்தால் முன்கூட்டியே காக்கலாம், அவ்வளவே.

இரத்தம், தைரொயிட், நித்திரை

மனச்சோர்வைப் போலவே தோன்றும், அல்லது அதைக் கூட்டும் வேறு உடற்குறைகளும் உண்டு. இவற்றைப் பரிசோதித்துச் சரிசெய்வது எளிது.

குருதிச்சோகை: ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. கர்ப்பிணியின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது குருதிச்சோகை. இரும்பு இரத்தத்துக்கு மட்டும் உரியதல்ல. மனத்துக்கு ஊக்கம் தரும் பொருட்களை மூளை தயாரிப்பதற்கும் அது வேண்டும். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறும் பெண்ணுக்கு மூச்சு வாங்குவதும், கை கால் ஓய்வதும், எதிலும் மனம் செல்லாததும் சில வேளை இந்தக் குறையினாலே.

கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைகளை அலுமாரியில் வைத்துவிடாமல் குடிக்க வேண்டும். சாப்பிட்டவுடன் தேயிலைத் தண்ணி குடிப்பது எமது வழக்கம். தேயிலையிலுள்ள தனின் என்ற பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே கூடாது. கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்ப்பதும், நெல்லிக்காய், கொய்யா உண்பதும் இரும்பு உடம்பில் சேர உதவும். கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குறைப்பதால், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களின் பின் கிளினிக்கில் தரும் பூச்சி மருந்தையும் தவறவிடக் கூடாது.

தைரொயிட்: கழுத்தின் முன்புறத்திலுள்ள இந்தச் சுரப்பி, பிரசவமான முதல் ஆண்டில் 100 தாய்மாரில் ஐந்து பேருக்காவது அழற்சி கண்டு குழம்புவதுண்டு. சுரப்பு குறைந்தால் அசதி, குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மந்தமான மனம் எல்லாம் வரும். எமது மலைக்குளிரில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஓர் இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும். மருந்தும் உண்டு.

நித்திரை: புதுப்பிள்ளை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கேட்கும். ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டில், அல்லது பாடசாலை மண்டபத்தில் பாய் போட்டிருக்கும் முகாமில், தாய்க்கு விட்டு விட்டு வரும் தூக்கமும் கிடைப்பதில்லை. தூக்கமின்மை மனச்சோர்வின் அடையாளம் மட்டுமல்ல, அதை உண்டாக்கும் காரணமும் ஆகும். மேலே சொன்ன கடுமையான மனநோயையும் அது தூண்டிவிடலாம். முப்பது நாள், நாற்பது நாள் தாயைப் படுக்க வைத்து, மற்ற வேலைகளைப் பெரியவர்கள் பார்க்கும் எமது பழைய வழக்கம் இந்த வகையில் நல்லதொரு பாதுகாப்பு. பத்தியம் என்ற பெயரில் மீன், முட்டை, கீரை ஆகியவற்றைத் தடுக்கும் பகுதியைத்தான் கைவிட வேண்டும்.

பயம் உடம்புக்குள் போகும் வழி

காரணம் உடம்பில் என்றால், வறுமைக்கும் இடப்பெயர்வுக்கும் இதில் பங்கில்லையா? பெரும் பங்கு உண்டு. அவையும் உடம்பின் வழியாகவே வேலை செய்கின்றன.

பயமோ நெருக்கடியோ வந்தால் உடம்பு கோர்ட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ அது வலு தரும். ஆபத்து நீங்கியதும் அது தணிய வேண்டும். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியும் இந்தச் சுரப்பைத் தூண்டுவதால், கோர்ட்டிசோல் ஏற்கெனவே இரண்டு மூன்று மடங்கு உயர்ந்திருக்கும். பிரசவமானதும் அந்தத் தூண்டுதல் நின்றுபோக, உடம்பின் சொந்த ஒழுங்கு பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். இந்த நேரத்தில் ஒரு தாய்க்கு ஒவ்வொரு மழையிலும் மலை சரியுமோ என்ற பயம், குடித்துவிட்டு வரும் கணவனின் கை பற்றிய பயம், நாளைய அரிசி பற்றிய கவலை என்று ஓயாத நெருக்கடி இருந்தால், அந்த ஒழுங்கு மீண்டும் அமைவது கடினமாகிறது. சேமித்த மண்ணையும் அயலையும் தாய்வீட்டையும் இழந்தவளுக்கு இது இன்னும் கடினம்.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு எமக்கு மிக நெருக்கமானது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களிலும் தாய்மாரைச் சந்தித்துக் கேட்டனர். பிரசவத்தின் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 100க்கு 11 பேர். யாருக்குக் கூடுதலாக வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு, ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல் உள்ளவர்களுக்கு, கர்ப்ப காலத்தில் துயர நிகழ்ச்சியைச் சந்தித்தவர்களுக்கு, கைக்கு உதவி செய்ய ஆளில்லாதவர்களுக்கு. அதே ஆண்டில் வெளியான கோவா ஆய்வொன்றும் பசியையும் கணவனின் வன்முறையையும் காரணங்களாகக் காட்டியது.

ஓமோன் இறங்குவதை எவராலும் தடுக்க முடியாது. இந்தப் பட்டியலிலுள்ள மற்றவற்றில் பலவற்றை மாற்ற எம்மால் முடியும். "பொம்பளப் பிள்ளையா?" என்று முகம் சுளிக்காதிருக்கக் காசு தேவையில்லை.

குணமாக்க வழி உண்டு

பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் நடந்த முயற்சி ஒன்றின் பலன் 2008இல் வெளியானது. அங்கே மருத்துவர்கள் அல்லாத கிராமச் சுகாதாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தனர். அவர்கள் மனச்சோர்வுள்ள தாய்மாரை வீடு தேடிப் போய்ச் சந்தித்து, பேசவிட்டுக் கேட்டு, மனத்தை வாட்டும் எண்ணங்களை மாற்றிக்கொள்ளச் சிறு சிறு வழிகள் காட்டினர். குடும்பத்தையும் அதில் சேர்த்துக்கொண்டனர். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, இவ்வாறு கவனிக்கப்பட்ட தாய்மாரில் 100க்கு 23 பேருக்கே நோய் இருந்தது. சாதாரண வீட்டுச் சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் 100க்கு 53 பேருக்கு இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இதைப் பின்னர் ஒரு கைந்நூலாகவும் வெளியிட்டது.

நோய் கடுமையாக இருந்தால் மருந்தும் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குப் பொருத்தமான மருந்துகள் உண்டு. செர்ட்ராலின் போன்றவை பாலில் மிகச் சிறிதளவே சேரும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். "ஒரு கிழமை குடிச்சும் ஒண்ணும் இல்ல" என்று விடவும் கூடாது. சுகம் வந்துவிட்டதென்று மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

முதலில் யாரிடம் போவது? உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாம் 'மிட்வைஃப்' என்று அழைக்கும் அம்மாவிடம் சொல்லுங்கள். ஸ்கொட்லாந்தில் 1987இல் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இன்று உலகெங்கும் பயன்படுகிறது, தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று அது கேட்கும். கேட்டால் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் இரவு பகலாகப் பேசலாம். ஆபத்தான வேளையில் 1990 என்ற இலக்கத்துக்குச் சொன்னால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

"செத்துப்போனா நல்லா இருக்கும்" என்று ஒரு தாய் சொன்னால் அதை வெறும் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். அவளைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு வைத்திருக்கும் கிருமிநாசினியை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டி வையுங்கள். பொலிசுக்குப் பயந்து எவரும் மறைக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கும் சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

வீட்டார் செய்யக்கூடியவை

1. இரவில் ஒரு தடவையாவது பிள்ளையைக் கணவரோ பாட்டியோ வைத்துக்கொண்டு, தாயை நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுங்கள்.

2. தண்ணீர் எடுப்பது, விறகு பொறுக்குவது ஆகிய வேலைகளை ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

3. சோறு பரிமாறும்போது தாய்க்குக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்காதீர்கள். திரிபோஷா தாய்க்குக் கிடைத்தால் அது தாய்க்கே.

4. "மனச தைரியப்படுத்திக்க" என்று புத்தி சொல்வதைக் குறைத்து, அவள் பேசுவதைக் கேளுங்கள்.

5. சட்டம் தரும் ஓய்வை விட்டுக்கொடுக்காதீர்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை உண்டு. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்தில் நாளுக்கு இரு முறை பால் கொடுக்கப் போகவும் உரிமை உண்டு.

6. முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருப்பவர்கள், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மறைப்பான மூலையை முதலில் ஒதுக்குங்கள்.

மலேரியாவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் காரணம் அறியாத காலத்தில் அவற்றையும் சாபமென்றுதான் நம் முன்னோர் நினைத்தார்கள். காரணம் தெரிந்ததும் வெட்கம் போயிற்று, மருந்து வந்தது. தாயின் மனச்சோர்வைப் பற்றியும் நாம் அப்படியே பேசப் பழக வேண்டும். அவள் தேறினால் பால் ஊறும், பிள்ளை தேறும், வீடும் தேறும்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது லயத்தில் பிள்ளை பெற்ற தாய் சோர்ந்திருந்தால் நாம் வழமையாக என்ன சொல்கிறோம்? அந்தச் சொல் அவளுக்கு என்ன செய்யும்?

2. தாய்வீடு தூரமாக உள்ள, அல்லது இடப்பெயர்வில் தாயை இழந்த பெண்ணுக்கு முதல் நாற்பது நாளும் யார் துணை நிற்கலாம்? முறை வைத்துச் செய்ய முடியுமா?

3. இம்மாதம் எமது தோட்டத்தில் கர்ப்பிணிகள் எத்தனை பேர்? அவர்களில் இரும்பு மாத்திரையை ஒழுங்காகக் குடிப்பவர்கள் எத்தனை பேர்?

4. ஆண்களோடு இதைப் பற்றிப் பேச எப்போது, எங்கே ஒரு கூட்டம் வைக்கலாம்?